இரண்டு டாலர் பிசிபியும் அதைவிட அதிகம் கேட்ட கூரியரும்

நூறுக்கு நூறு மில்லிமீட்டருக்குள் அடங்கும் இரண்டடுக்குப் பிசிபி (மின்சுற்றுப் பலகை) ஐந்தை 2 டாலருக்குச் செய்து தருவதாகச் சீனாவின் ஷென்சென் தொழிற்சாலைகள் விளம்பரம் செய்வது பொழுதுபோக்காக மின்னணுவியலில் ஈடுபடும் எல்லோருக்கும் தெரிந்ததே. மாடித்தோட்டப் பம்புகளை இயக்கும் பலகை ஒன்றுக்காக நானும் அங்கேதான் ஆர்டர் கொடுத்தேன். கூரியர் கட்டணம் பலகையின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பொதி இந்தியாவுக்கு வந்த பின் நீட்டப்பட்ட ரசீது: சுங்க வரி, அந்த வரியை எனக்காக முன்கூட்டிக் கட்டியதற்கான கையாளுதல் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி. கையாளுதல் கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை அந்த நிறுவனம் வைத்திருந்ததால், என்னுடையதைப் போன்ற சிறு பொதிக்கு வரியைக் காட்டிலும் அதுவே பெரிதாகிவிட்டது.

ரசீதுக்கு முன்பே, பொதி பெறுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி இழுபறி தொடங்கிவிட்டது. என் ஆதாரில் இருப்பது திருநெல்வேலி முகவரி; பொதி வரவேண்டியதோ கோயம்புத்தூர் வாடகை வீட்டுக்கு. இரண்டும் பொருந்தவில்லை என்று கூரியர் அலுவலகம் விண்ணப்பத்தைத் திருப்பியது. வாடகை ஒப்பந்தத்தை அனுப்பினால் மின்கட்டண ரசீது கேட்டார்கள். அது வீட்டுக்காரர் பெயரில்தானே இருக்கும் என்றால், தொலைபேசியில் பேசியவர் "சிஸ்டம் ஏற்றுக்கொள்ளவில்லை சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மறுத்தார். கடைசியில் ஒப்பந்தத்தையும் ஆதாரையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, மறுபடியும் அதே இடத்தில் பதிவேற்றியபோது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முன்பு ஏன் ஏற்கவில்லை என்பதற்கு இன்றுவரை விளக்கம் இல்லை. ஆர்டர் கொடுத்த அன்றே இந்தக் கோப்பைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிட வயிற்றெரிச்சல் தந்தது வகைப்பாடு. பாகங்கள் எதுவும் பொருத்தப்படாத வெற்றுப் பிசிபி சுங்கப் பட்டியலில் 8534 என்ற தலைப்பில் வருகிறது. அதற்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது, 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) மட்டுமே உண்டு. ஆனால் விற்பனையாளர் பெட்டியின் மேல் 'மின்னணுப் பொருள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார். கூரியரில் இருந்தவர்களும் விலைப்பட்டியலைப் பிரித்துப் பார்க்காமல், தனிநபர் பயன்பாட்டுப் பொருள்களுக்கான 9804இல் தள்ளி, அடிப்படை வரியையும் சேர்த்துவிட்டார்கள். பொதி சுங்கத்தைக் கடந்த பிறகு இதைத் திருத்தக் கேட்டால், திருத்த மனுவுக்குக் கூரியர் வாங்கும் தொகை மிச்சமாகும் வரியை விழுங்கிவிடும் என்பது தெரிந்து விட்டுவிட்டேன்.

அடுத்த ஆர்டரில் விலைப்பட்டியலிலேயே 'பாகங்கள் பொருத்தப்படாத பிசிபி, 8534' என்று எழுதச் சொல்லி விற்பனையாளரிடம் கேட்டு வாங்கினேன். கண்காணிப்பு எண் கிடைத்தவுடன், பொதி விமானத்தில் இருக்கும்போதே, அதே விவரத்தைக் கூரியரின் சுங்கப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். வந்த இறக்குமதிப் படிவத்தில் அடிப்படை வரிக்கு நேரே சுழியம் இருந்ததைப் பார்த்து அடைந்த மகிழ்ச்சியைப் பலகை இயங்கியபோதுகூட அடையவில்லை. பாகங்கள் பொருத்திய பலகைக்கு இந்த வழி பொருந்தாது, அதன் வகைப்பாடு வேறு. 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லும் பழைய யோசனையையும் யாரும் கேட்க வேண்டாம். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர்த்த வரியில்லா அன்பளிப்பு இறக்குமதி 2019 டிசம்பரிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

இப்படிக் கூரியருக்கும் கையாளுதலுக்கும் போகிற பணத்தோடு ஒப்பிட்டால், பலகையின் தரத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. ஆனால் எல்லாத் தரமும் நமக்குத் தேவைப்படுவதில்லை. என் பலகையில் இருக்கும் ஆர்பி2040 என்ற கட்டுப்பாட்டுச் சிப்பின் கால்கள் 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பவை. பலகையை உருகிய சால்டரில் (பற்றவைக்கும் உலோகத்தில்) முக்கியெடுக்கும் ஹாசல் பூச்சில் சால்டர் மேடுபள்ளமாகப் படிவதால் அத்தகைய சிப் சமமாக உட்காருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் நிக்கலின் மேல் தங்கம் படியும் எனிக் பூச்சுக்குக் கூடுதலாகக் கொடுத்தேன், அது வீண்போகவில்லை. மாறாக, கறுப்பு நிறத்துக்கு ஆசைப்பட்ட நண்பர் ஒருவரின் பலகையில், கால்களுக்கு இடையே நிற்கவேண்டிய மெல்லிய சால்டர் மாஸ்க் (சால்டர் ஒட்டாமல் காக்கும் வண்ண மேற்பூச்சு) கோடுகளே இல்லாமல் போயிருந்தன. பச்சையில்தான் அந்தக் கோட்டை மிகக் குறுகலாக விடமுடிகிறது. பம்புக்கான மின்னோட்டத்துக்கு 70 மைக்ரான் தடிமனுள்ள செம்பு கேட்டால் விலை எகிறுகிறது; வழக்கமான 35 மைக்ரானிலேயே தடத்தை (மின்சாரம் ஓடும் செம்புக் கோட்டை) அகலமாக்கி, அதன் மேல் மாஸ்க்கைத் திறந்துவிட்டு, நாமே சால்டரை வழித்துக் கனமாக்கிவிடலாம்.

சுங்கத் தொல்லையே வேண்டாம் என்று, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகள் மட்டும் உள்ள துணைப்பலகையை இந்தியத் தயாரிப்பாளர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். தயாரிப்பைத் தொடங்குவதற்கென வாங்கும் அமைப்புக் கட்டணம் காரணமாக ஒரு பலகையின் விலை ஷென்சென்னைவிட அதிகம். ஆனால் கூரியர், வரி எல்லாம் கூட்டியபின் மொத்தம் குறைவு. பில்லில் 'மின்சோதனை செய்யப்பட்டது' என்று அச்சிட்டிருந்தும், ஒரு பலகையில் ஒரு தடம் இணைப்பின்றிக் கிடந்தது. கேட்டபோது, "உங்கள் கெர்பர் கோப்பில் பிழை இருக்கும்" என்றார்கள். பலகையின் வரைபடமான அதே கோப்பிலிருந்து வந்த மற்ற பலகைகள் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? செம்பு நிரப்பாத பகுதி என்பதால், பின்னால் வலுவான விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது மாஸ்க்குக்கு அடியில் தடம் அறுந்திருந்த இடத்தில் ஒளி ஊடுருவியது. அந்தப் படத்தை அனுப்பிய பின் வாதம் நின்றது. அந்தப் பலகைக்கான பணமும் திரும்பி வந்தது. சிப்புகளைப் பொருத்துவதற்கு முன் முக்கியத் தடங்களை மல்டிமீட்டரால் தொட்டுப் பார்ப்பதை, பில்லில் என்ன எழுதியிருந்தாலும், நான் இப்போது விடுவதில்லை.

இப்போதைக்கு நுண்ணிய கால்கள் உள்ள பலகை ஷென்சென்னுக்கும் மற்றவை உள்நாட்டுக்கும் போகின்றன. ஷென்சென்னுக்கு அனுப்புவதை நண்பர்களின் வடிவமைப்புகளோடு சேர்த்து ஒரே பொதியாக வரவழைக்கிறோம், கையாளுதல் கட்டணம் பங்கிடப்படுகிறது. சீனப் புத்தாண்டையும் அக்டோபர் 1இல் தொடங்கும் தேசிய தின விடுமுறையையும் ஒட்டி மட்டும் யாரும் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.