ஐந்து பேர், 90 நிமிடம்: ஆய்வாளர்கள் தங்களுக்குள் வழிகாட்டிக்கொள்ளும் முறை

‘இந்தக் கட்டுரையில் என் பெயர் எத்தனையாவதாக வரும்?’ முனைவர் பட்ட ஆய்வாளரோ பட்டம் முடித்து மேலாய்வுக்குப் புதிதாகச் சேர்ந்த போஸ்ட்டாக்கோ நெறியாளரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளில் இது ஒன்று. அதே படியில் நிற்கும் சிலர் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வழிகாட்டிக்கொள்வதுதான் பியர் மென்டரிங். ஒழுங்கு இல்லாமல் தொடங்கினால் மூன்றாவது சந்திப்பிலேயே புலம்பல் கச்சேரியாகிவிடும்.

ஐந்து பேர் சரியான அளவு. ஒருவர் வராவிட்டாலும் நடத்தலாம். ஏழு பேரானால் முறை வரவே மாதக்கணக்காகும். ஒரே நெறியாளரின் கீழ் இருக்கும் இருவரைச் சேர்க்கவே கூடாது. லேப் விஷயம் பேச்சில் வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

எங்கள் ஐவர் குழு இரு வாரத்துக்கு ஒருமுறை 90 நிமிடம் கூடியது. முதல் 10 நிமிடம் போன தடவை ஒப்புக்கொண்ட வேலை என்னாயிற்று என்று பார்க்க. அடுத்து மூன்று பேருக்குத் தலா 25. கடைசி 5 நிமிடம் அடுத்த தேதிக்கு. மீதி இருவரில் ஒருவர் கடிகாரம் பார்ப்பார், ஒருவர் குறிப்பெடுப்பார். அடுத்த முறை அவர்களுக்குத்தான் முதல் இடம்.

அந்த 25 நிமிடத்தில் 5 நிமிடம் சிக்கலைச் சொல்ல, 12 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்க, 5 நிமிடம் யோசனை சொல்ல, 3 நிமிடம் செய்யப்போவதை எழுத. கேள்வி மட்டும் என்பதுதான் கஷ்டம். ‘அதை வேறு ஜர்னலுக்கு அனுப்பினால் என்ன?’ என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. ‘இந்த ஜர்னலை எதற்காகத் தேர்ந்தெடுத்தாய்?’ என்பது கேள்வி. இந்தப் பழக்கத்தின் வேர், 1940களில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் ரெக் ரெவன்ஸ் என்பவர் வளர்த்த, சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுச் சிக்கலைத் தீர்க்கும் ‘ஆக்‌ஷன் லேர்னிங்’ முறையில் இருக்கிறது.

குழு நிஜமாகவே கைகொடுப்பது, கட்டுரையைப் பெரிய அளவில் திருத்தி அனுப்பச் சொல்லி ஜர்னலிலிருந்து ‘மேஜர் ரிவிஷன்’ கடிதம் வரும்போது. வந்த அன்றே பதில் எழுத உட்கார வேண்டாம், இரண்டு நாள் ஆறட்டும். பிறகு கட்டுரையை மதிப்பிட்ட ரிவ்யூவர்களின் ஒவ்வொரு கருத்தையும் எக்செலில் தனி வரிசையாகப் பிரிக்க வேண்டும்; ஒரே பத்தியில் மூன்று கோரிக்கை இருந்தால் மூன்று வரிசை. ரிவ்யூவர் சொன்னது, செய்யப்போவது, பதில், திருத்திய வரி எண் என நான்கு நெடுவரிசைகள் போதும். மற்ற நால்வரும் நிறம் பூசுவார்கள்: உடனே திருத்தலாம் என்றால் பச்சை, புதிய பகுப்பாய்வு வேண்டும் என்றால் மஞ்சள், மரியாதையாக மறுக்கலாம் என்றால் சிவப்பு. எழுதியவர் கண்ணுக்கு எல்லாமே சிவப்பாகத் தெரியும். முதல் ரிவ்யூவர் ‘மாதிரி போதாது’ என்பதும் இரண்டாமவர் ‘புரியவில்லை’ என்பதும் செய்முறைப் பகுதியின் ஒரே பத்தியைத்தான் சுட்டுகின்றன என்பது வெளியாளுக்குத்தான் சட்டெனப் படும். சிவப்புக்கும் வெறும் மறுப்பு போதாது. காரணத்தோடு, அந்தக் குறையை ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம் கட்டுரையிலும் ஏற வேண்டும்.

பெயர் வரிசைத் தகராறுக்கு, கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று குறிக்கும் ‘கிரெடிட்’ (CRediT) பட்டியல் உதவும். அதில் பங்களிப்பு 14 வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வேலை தொடங்கும்போதே யார் எது என்று நிரப்பிவைத்தால், வரிசையை அது முடிவு செய்யாவிட்டாலும் நெறியாளரிடம் பேச்சைத் தொடங்கக் கையில் ஒரு தாள் இருக்கும்.

குழு கலைவது பெரும்பாலும் வெட்கத்தால். ஒப்புக்கொண்டதைச் செய்யாதவர் முதலில் தாமதமாக வருவார், அப்புறம் வரவே மாட்டார். எனவே ‘செய்யவில்லை’ என்பதும் ஏற்கத்தக்க பதில் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வேலையின் அளவையும் பாருங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ‘விவாதப் பகுதி எழுதுவேன்’ என்பது ஆசை. ‘படம் 3-க்கு விளக்கக் குறிப்பும் அதையொட்டி இரண்டு பத்தியும்’ என்பது வேலை. கொஞ்சம் சீனியரான ஒருவர் குட்டி நெறியாளராகிவிடுவதும் உண்டு. நடத்தும் பொறுப்பைச் சுழற்றிவிட்டால் அது அடங்கும்.

குறிப்பேட்டில் வேலைகள் மட்டும் இருக்கட்டும். நெறியாளர் பெயரோ வெளியாகாத தரவோ ஏறக் கூடாது. துன்புறுத்தல், தரவு மோசடி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இந்த ஐவர் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. உரிய அலுவலகத்துக்கோ மருத்துவரிடமோ கூடவே போங்கள்.

ஆறு மாதம், சுமார் 12 அமர்வு ஆனதும் தொடர்வதா என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். விலகுபவர் காரணம் சொல்லத் தேவையில்லை. அவருக்குப் பதில் வருபவர் முதல் அமர்வில் கடிகாரம் மட்டும் பார்க்கட்டும்.