அத்தையின் கேள்விகள்: ஏப்ரல் நாட்குறிப்பு

ஏப்ரல் 9

மாயவரத்திலிருந்து அத்தை வந்திருக்கிறார். பையைப் பிரித்ததுமே கேள்வி வந்துவிட்டது. "இந்தச் சிப்ஸ் பாக்கெட் ஏன் இப்படி உப்பிக் கிடக்கு? ஊர்ல வாங்கறப்ப தொளதொளன்னுதானே இருந்துது?" கெட்டுப்போய்விட்டதோ என்று அவருக்குக் கவலை.

கெடவில்லை. மாயவரம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். பெங்களூர் 900 மீட்டருக்கும் மேலே. உயரம் கூடக் கூட, நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடை குறைகிறது. இங்கே காற்றழுத்தம் ஊரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைவு. பாக்கெட்டுக்குள் அடைபட்டது ஊர்க் காற்று. வெளியிலிருந்து அதை அழுத்திப் பிடிப்பது தளர்ந்ததும் விரிந்துகொண்டது. திரும்பிப் போகும்போது காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை இறுக மூடி எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். மாயவரத்தில் இறங்கும்போது அது ஒடுங்கியிருக்கும்.

ஏப்ரல் 11

அத்தைக்குக் குக்கர் பருப்பு பிடிக்காது. வெண்கலப் பானையில் வேகவைத்தால்தான் மணம் என்பார். இன்று துவரம்பருப்பைப் போட்டுவிட்டு நெடுநேரம் நின்றார். "தண்ணி தளதளன்னு கொதிக்குது, பருப்பு மட்டும் மசிய மாட்டேங்குதே. இது உங்க ஊர்ப் பருப்பா, உங்க ஊர் அடுப்பா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெண்ணின் பள்ளிச் செய்முறைக்கு வாங்கிய கண்ணாடி தெர்மாமீட்டரைக் கழுவி எடுத்து வந்தேன். வேறொரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடியில் படாமல் பிடித்தோம். சிவப்புக் கோடு ஏறி 97 அருகே நின்றது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அடுப்பைப் பெரிதாக்கச் சொன்னார். குமிழிகள் துள்ளின, ஆவி கிளம்பியது, கோடு மட்டும் அசையவில்லை.

தண்ணீருக்குள் உண்டாகும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் கொதிநிலை. இங்கே வெளியழுத்தம் குறைவு என்பதால் முன்கூட்டியே எட்டிவிடுகிறது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்பது தோராயக் கணக்கு. தீயைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஏறாது. கூடுதல் வெப்பம் முழுவதையும் ஆவி கொண்டுபோய்விடும். ஆகவே கொதி வந்தபின் அடுப்பைத் தணித்து, மூடி போட்டு வைப்பதுதான் சரி. வேகும் நேரம் ஒன்றுதான், கேஸ் மிச்சம்.

குக்கர் செய்வது இதற்கு நேர் எதிர். வெயிட்டின் கனம் ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கிறது. அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். பருப்பு மசிவது அதனால்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "இருந்தாலும் பானைதான்" என்றார் அத்தை. அவர் சொன்ன மணம் சாம்பாரில் இருக்கத்தான் செய்தது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம். மண்பானைத் தண்ணீர் ஊரில் இருப்பதைவிட இங்கே ஜில்லென்று இருக்கிறது என்றார் அத்தை. சரிதான். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஆவியானால் ஒரு லிட்டர் தண்ணீர் அரை டிகிரிக்குச் சற்று மேல் குளிரும். மாயவரத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. இங்கே சித்திரை மதியக் காற்று வறண்டது, வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. விருந்தாளிகள் வந்துவிட்டதால் இன்று இவ்வளவுதான்.

ஏப்ரல் 18

மாலை அல்சூர் ஏரிக்கரையில் நடந்தோம். ஏரி பச்சை, பூம்புகாரில் பார்க்கும் கடல் நீலம், இரண்டும் தண்ணீர்தானே என்று கேட்டார். ஏரியின் பச்சை பாசியால். கடலின் நீலத்துக்குப் பின்னால் நம் திருச்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். வானத்தைப் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், நிக்கோல் பட்டகம் (ஒளியை வடிகட்டும் படிகம்) ஒன்றால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்போதும் இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். தண்ணீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதும் பெரிய காரணம் என்று இன்று தெரியும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவர்தான் 1928-இல் ராமன் விளைவைக் (சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவது) கண்டார், 1930-இல் நோபல். பிற்பாடு 1948-இல் இதே பெங்களூரில் அவர் தொடங்கிய ஆய்வு நிலையம் இன்றும் நடக்கிறது. கப்பல் தளத்தில் நின்று கடலைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர் பட்டகத்தைக் கையில் வைத்திருந்தார்.

ஏப்ரல் 21

சாயங்காலம் கோடை மழை. முதல் தூறலிலேயே மண்வாசனை வீடெல்லாம். அது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலான நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். துளி மண்ணில் விழும்போது அடியில் சிறு காற்றுக் குமிழிகள் சிக்கி, மேலே வந்து வெடித்து, வாசனையைத் தெளிக்கின்றன. 2015-இல் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்தார்கள். அடைமழையைவிடத் தூறலில்தான் இது அதிகம். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இதே வாசனையை அத்தராக வடிக்கிறார்கள்.

ஏப்ரல் 24

இன்று இங்கே நிழல் இல்லா நாள். உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். மொட்டை மாடியில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம். 12 மணிக்கு ஓரத்தில் மெல்லிய பிறைபோல நிழல். 12:17-க்கு அதுவும் டம்ளருக்கு அடியில் போய்விட்டது. அத்தை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், எந்தப் பக்கமும் இல்லை.

"உச்சி வெயில்னா பன்னெண்டு மணிதானே, ஏன் பதினேழு நிமிஷம் தள்ளி?" நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. பெங்களூர் அதற்கு மேற்கே ஐந்து டிகிரி. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். அந்தந்த நாளுக்கு ஏற்ற சிறு திருத்தம் போக 17 சொச்சம். டெல்லியில் இருக்கும் கொழுந்தனுக்குப் போன் போட்டு அங்கேயும் பார்க்கச் சொல்லலாமா என்றார். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது.

மாயவரத்தில் இந்த நாள் சில நாட்கள் முன்பே கடந்துவிட்டது. சூரியன் தெற்கே திரும்பும்போது மறுபடி வரும்: ஆகஸ்ட் 23, 24 வாக்கில், பன்னிரண்டே கால் அளவில். அத்தை காலண்டரைக் கேட்டு வாங்கி, ஆகஸ்ட் தாளில் குறித்துக்கொண்டார். தெருப்பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டப்போகிறாராம்.