புத்தக அலமாரி, நான்காம் வாரம்: மரவாடிக் கணக்கு

போன ஞாயிறு மரவாடிக்குப் போய் தேக்குப் பலகை எடுத்துவிட்டேன். பக்கத்துக்கு 5 அடியில் இரண்டு, தட்டுக்கு 3 அடியில் ஐந்து. எல்லாமே 10 அங்குல அகலம், 1 அங்குல கனம்.

விலை கன அடிக்கு. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். மொத்த நீளம் 25 அடி; 25 × 10 × 1 = 250, வகுத்தால் சுமார் 1.74 கன அடி. கடைக்காரர் சொன்ன கணக்கும் அதேதான். இதற்கு முன் நான் பார்த்த அமெரிக்க வீடியோக்களில் எல்லாம் 'போர்டு ஃபுட்' (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குல கனம்) என்றே பேசுவார்கள். 12 போர்டு ஃபுட் சேர்ந்தால் ஒரு கன அடி, அவ்வளவுதான்.

பலகை பொறுக்கும்போது அங்கே இருந்த ஆசாரி ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, இந்த ஓரத்துல வெள்ளை ஓடுது பாருங்க. பூச்சி முதல்ல இங்கதான் வைக்கும். வைரம், அதான் நடுவுல இருக்கற கெட்டியான கட்டை, அது இருக்கறதா எடுங்க." பொன்பழுப்பு நிறப் பலகையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டை. அதுவரை அதை வெறும் நிற வித்தியாசம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை வைத்துவிட்டு வேறு எடுத்தேன்.

தவறு நடந்தது வீட்டுக்கு வந்த பிறகு. தட்டுகளை இழைக்க மில்லில் கொடுத்துவிட்டு, அவை வருவதற்குள் பக்கப் பலகைகளில் காடி, அதாவது தட்டைச் செருகும் பள்ளம், எடுத்தேன். 1 அங்குலம் என்றுதானே வாங்கினோம் என்று 25 மில்லிமீட்டரில் உளி வைத்தேன். தட்டுகள் திரும்பி வந்ததும் அளந்தால் 20. இங்கே சொல்லும் கனம் அறுத்த கனம். இழைப்பில் போவது நம் கணக்கு. அமெரிக்காவில் 'டூ பை ஃபோர்' என்று விற்கும் சட்டமும் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். அதைத் தெரிந்துவைத்திருந்தும் என் பலகைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. ஐந்து தட்டும் காடிக்குள் ஆடியபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

சரி, அதே தேக்குத் துண்டில் 5 மில்லிமீட்டர் பட்டைகள் சீவி, காடியின் கீழ்ப்பக்கம் பசை வைத்து ஒட்டினேன். நேற்று முதல் தட்டைச் செருகிப் பார்த்தேன். கையால் தட்டித்தான் உள்ளே போனது. மிச்சம் நான்கு. பலகைகளுக்கு நடுவே மெல்லிய ரீப்பர் சட்டங்கள் வைத்து, காற்றுப் படும்படி அடுக்கியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வளைவு பார்த்துவிட்டுப் பூட்டுகிறேன்.