நாலு தடவை 52

நேற்றுதான் அந்த லினக்ஸ் கெர்னல் பேட்சுக்கு (நிரல் மாற்றத் தொகுப்பு) ‘ரிவ்யூட்-பை’, அதாவது ‘நான் சரிபார்த்தேன்’ என்ற கையெழுத்து, போட்டேன். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை, 11 நாள் இழுத்துவிட்டது. அதில் ஒரு நாள் பஸ்ஸில் போனது.

விஷயம் இதுதான். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் லினக்ஸின் மையமான கெர்னலில் பழைய 5.10 பதிப்பை விட்டு நகர மாட்டேன் என்கிறார். ரிஸ்க்-வி என்ற சிப் வகைக்கு கேவிஎம் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கெர்னல் பகுதி) ஆதரவு வந்ததோ 2022 ஜனவரியில் வெளியான 5.16-இல். பேட்ச் என்னவோ 2019-லேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குச் சிப்பில் இருக்க வேண்டிய ஹைப்பர்வைசர் எக்ஸ்டென்ஷனின் ஸ்பெக் (விவரக்குறிப்பு) உறுதியாகாமல் சேர்க்க மாட்டோம் என்று கெர்னல் பராமரிப்பாளர்கள் சொல்லிவிட்டதால் காத்துக் கிடந்தது. அதை எடுத்து 5.10-இல் பொருத்தியவர் எங்கள் குழுவில் இருக்கும் திருப்பூர்த் தம்பி. சரிபார்ப்பது என் பொறுப்பு.

வந்ததைத் திறந்தால் ஒரே பேட்ச். அப்ஸ்ட்ரீமில், அதாவது மூல லினக்ஸில், அழகாகப் பிரித்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து, பல ஆயிரம் வரிக்கு ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருந்தார். பிரித்துத் தரச் சொன்னேன்.

“அப்ஸ்ட்ரீம்ல இருந்ததுதானுங்ண்ணா, நான் ஒண்ணுமே மாத்துல. கெஸ்ட் பூட் ஆயிருச்சுங்.”

கெஸ்ட் என்பது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி. சரி என்று நம்பினேன். முதல் தப்பு அதுதான்.

இரண்டாவது தப்பும் என்னுடையதே. கெஸ்ட்டின் மெமரி முகவரியை நிஜ முகவரியாக மாற்றும் எஸ்வி39எக்ஸ்4 முறையில் கெஸ்ட் முகவரி வழக்கத்தைவிட இரண்டு பிட் அகலம். அதனால் மேல்மட்டப் பேஜ் டேபிள் (முகவரி மாற்றும் அட்டவணை) 4 கேபி அல்ல, 16 கேபி. அது 16 கேபியால் வகுபடும் முகவரியில், அதாவது 16 கேபி எல்லையில்தான் உட்கார வேண்டும். நிரலில் ஆர்டர் 2 (நான்கு 4 கேபி பக்கம்) என்று மெமரி கேட்டிருந்தாரே ஒழிய, எல்லையைச் சரிபார்க்கும் வரி இல்லை. விடுவேனா? அரைப்பக்கத்துக்குக் கமெண்ட் எழுதி, குழுவில் எல்லோரும் பார்க்கப் போட்டேன். பத்து நிமிஷத்தில் பதில்: “ஏனுங்ண்ணா, ஆர்டர் 2 கேட்டா பட்டி அலொகேட்டர் குடுக்கறதே 16 கேபி எல்லைலதானுங்களே?” ஆமாம். கெர்னலில் மெமரியைப் பங்கிடும் பட்டி அலொகேட்டர் அப்படித்தான். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை.

அடுத்து, நிஜமான ரிஸ்க்-வி போர்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆசை. அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, வந்தால் தருகிறோம் என்றார்கள். கோபியில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறி, அன்னூர் வழியாக சரவணம்பட்டி போய் இறங்கினால், போர்டு வைத்திருந்த அலமாரிச் சாவிக்காரர் வரப் பதினொன்றரை. கையில் வாங்கி மின்சாரம் கொடுத்து சிபியு விவரம் சொல்லும் /ப்ராக்/சிபியுஇன்ஃபோவைப் பார்த்தேன். ஐஎஸ்ஏ (சிப்பின் வசதிப் பட்டியல்) வரியில் ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி. அதோடு சரி. ‘ஹெச்’ இல்லை. ஹைப்பர்வைசர் எக்ஸ்டென்ஷனே இல்லாத கோரில் கேவிஎம் எங்கிருந்து ஓடும்? ரிஸ்க்-வி போர்டு என்றாலே எல்லாம் இருக்கும் என்று யாரும் நினைக்காதீர்கள். அந்த ஒரு வரியைப் போனிலேயே படிக்கச் சொல்லியிருந்தால் பஸ் சார்ஜும் மிச்சம், பொழுதும் மிச்சம்.

வீட்டுக்கு வந்து கியுஎமுவே (கணினியையே மென்பொருளாக நடிக்கும் நிரல்) கதி என்று உட்கார்ந்தேன். அது ‘ஹெச்’சை எமுலேட் செய்யும். அதற்குள் எங்கள் கெர்னல், அதற்குள் இன்னொரு கியுஎமு, அதற்குள் கெஸ்ட். ஆமை வேகம். போதாக்குறைக்கு அன்றைக்குத்தான் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரி தாங்கிய வரை ஓடியது.

கெஸ்ட் பூட் ஆனது. தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஓட்டிப் பார்த்தது இனிட்ராம்எஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் சின்னக் கோப்புத் தொகுதி) மட்டும், கன்சோலும் எஸ்பிஐ (ஃபர்ம்வேர் அழைப்பு) வழியாக. அதாவது, டிவைஸ் ரெஜிஸ்டர் பக்கமே போகாத கெஸ்ட். நான் ஒரு விர்ட்-ஐஓ (மெய்நிகர்) நெட்வொர்க் கார்டைச் சேர்த்தேன். பிங் போகவில்லை. ஐபி லிங்க் அடித்துப் பார்த்தால் மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) இப்படி இருந்தது:

52:52:52:52:34:34

கியுஎமு வழக்கமாகக் கொடுப்பது 52:54:00:12:34:56. இங்கேயோ முதல் நாலு பைட்டும் ஒன்றே, கடைசி இரண்டும் ஒன்றே. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தபின் உறைத்தது. டிரைவர் மேக்கை ஒவ்வொரு பைட்டாகப் படிக்கிறது. 0, 1, 2, 3 என்று எந்த இடத்தைக் கேட்டாலும் 0-வில் இருப்பதே வருகிறது. 4, 5 கேட்டால் 4. முகவரியின் கடைசி இரண்டு பிட்டை யாரோ முழுங்குகிறார்கள்.

அப்புறம் தேட அதிக நேரம் ஆகவில்லை. கெஸ்ட் பேஜ் ஃபால்ட் (கெஸ்ட் தொட்ட முகவரிக்கு அட்டவணையில் இடமில்லை என்ற நிறுத்தம்) வந்தால், எந்த முகவரி என்பதை ஹார்ட்வேர் ஹெச்டிவேல் ரெஜிஸ்டரில் இரண்டு பிட் வலப்பக்கம் தள்ளித்தான் வைக்கும். வாங்குகிறவர் அதை இரண்டு பிட் இடப்பக்கம் தள்ளி, காலியான இடத்தில் எஸ்டிவேல் என்ற இன்னொரு ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டை ஒட்ட வேண்டும். தம்பியின் நிரலில் தள்ளுவது இருந்தது, ஒட்டுவது இல்லை.

5.16-இலிருந்து ரிஸ்க்-வி கேவிஎம் கோப்புறையை எடுத்துப் பக்கத்தில் வைத்து டிஃப் (வரிக்கு வரி ஒப்பீடு) போட்டேன். ஒன்றுமே மாற்றாத பேட்சில் 40-க்கும் மேற்பட்ட இடங்களில் வித்தியாசம். பெரும்பாலும் 5.10-க்குத் தேவையான மாற்றங்கள்தான். நடுவில் அந்த ஒட்டுகிற பாதி வரி அங்கே இருந்தது, இங்கே இல்லை. இந்த டிஃப்பை முதல் நாளே போட்டிருக்கலாம். பேக்போர்ட் (புதியதைப் பழைய பதிப்பில் பொருத்துவது) பார்க்கப் போகிறவர்கள் ஸ்பெக்கைத் திறக்கும் முன்பே இதைப் போடுங்கள். டெஸ்ட்டில் பைட் பைட்டாகப் படிக்கிற டிவைஸ் ஒன்றையும் சேருங்கள். 4 பைட்டாக மட்டும் படித்திருந்தால் இது வெளியே தெரிந்தே இருக்காது.

தம்பியிடம் அனுப்பினேன். “கான்ஃப்ளிக்ட் சரி பண்றப்போ போயிருச்சாட்ட இருக்குதுங்ண்ணா” என்றார். திருத்தி, இந்தத் தடவை பிரித்தே அனுப்பினார். மேக் சரியாக வந்தது, பிங்கும் போனது.

பேஜ் டேபிளுக்கு மெமரி கேட்கும் வரிக்கு மேலே மட்டும் புதிதாக ஒரு கமெண்ட் முளைத்திருக்கிறது: ஆர்டர் 2 என்றால் 16 கேபி எல்லை தானாகவே அமையும் என்று. யாருக்காக எழுதியது என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.