பிளாக் வெயில் ஆண், கோய் பெண்: குஞ்சுகளுக்குப் பெயர் பிரித்த பதிவு

கடையில் தொட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயர், ஏஞ்சல் மீனின் தோற்றத்தை மட்டும் சொல்லும். அது தகப்பனிடமிருந்து எதை வாங்கியது, தாயிடமிருந்து எதை வாங்கியது என்பதைக் குஞ்சுகள்தான் சொல்ல வேண்டும். சென்னைக் கொளத்தூரில் வாங்கிய கறுப்பு வெயில் (veil, நீளத் துடுப்பு வகை) ஆணையும் கோய் வகை ஏஞ்சல் பெண்ணையும் ஜோடி சேர்த்து, வந்த குஞ்சுகளை வைத்து இரண்டின் ஜீனாக்கத்தையும் (எந்தெந்த மரபணு உள்ளே இருக்கிறது என்பதையும்) பின்னோக்கிக் கணக்குப் போட்ட விவரம் இது.

முதலில் பெயர்களின் அடிப்படை. அமெரிக்காவின் ஜோஆன் நார்ட்டன் 1980களில் மீன் வளர்ப்பு இதழில் எழுதிய கட்டுரைகள்தான் இன்றைய பெயர் முறைக்கு அஸ்திவாரம். அதில் ஒன்றை மட்டும் மனதில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். டார்க், மார்பிள், கோல்டு மார்பிள், கோல்டு ஆகிய நான்கும் ஒரே லோகஸைச் (குரோமோசோமில் ஒரு மரபணுவின் இடம்) சேர்ந்த அல்லீல்கள் (அந்த மரபணுவின் மாற்று வடிவங்கள்). ஒரு மீனுக்கு அங்கே இரண்டு இருக்கைதான் உண்டு. ஆகவே 'டார்க்கும் மார்பிளும் கோல்டும் மூன்றும் கலந்த மீன்' என்று யாராவது விற்றால் அது நடக்காத காரியம்.

காட்டு மீனின் இயல்பான அல்லீலை இங்கே 'சாதா' என்று எழுதுகிறோம். இரண்டு இருக்கையிலும் சாதா என்றால் சில்வர், அதாவது கறுப்புக் கோடுள்ள வெள்ளி நிற மீன். டார்க் ஒன்று, சாதா ஒன்று என்றால் பிளாக் லேஸ்: கோடுகள் தெரியும், துடுப்பில் சரிகை போட்டது மாதிரி கறுப்புப் பின்னல் இருக்கும். டார்க் இரண்டு என்றால் முழுக் கறுப்பு. டார்க் ஒன்றும் கோல்டு ஒன்றும் சேர்ந்தாலும் முழுக் கறுப்புதான், டார்க்கும் கோல்டு மார்பிளும் சேர்ந்தாலும் அப்படியே. கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலத் தெரியும், வளர்ப்பில் ஒன்றல்ல. டார்க் இரண்டு வாங்கிய குஞ்சு மெதுவாக வளரும், தீனிக்குப் போட்டி போடாது, தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் முதலில் துடுப்பு கிழிவது அதற்குத்தான். டார்க்/கோல்டு குஞ்சு திடமாக இருக்கும். நல்ல கறுப்பு வேண்டுமென்றால் டார்க்/கோல்டு பிளாக்கையும் கோல்டையும் சேர்ப்பதே சரி. பாதி கறுப்பு, பாதி கோல்டு கிடைக்கும், டார்க் இரண்டு வாங்கிய குஞ்சு ஒன்றுகூட வராது.

கோல்டு ஒடுங்கு பண்பு: சாதாவோடு சேர்ந்தால் வெளியே தெரியாது. கோல்டு/சாதா மீன் பார்வைக்குச் சில்வர்.

கோடுகளுக்குத் தனி லோகஸ். ஜீப்ராவும் (கூடுதல் கோடு) ஸ்டிரைப்லெஸ்ஸும் (கோடு நீக்குவது) அங்கே போட்டியாளர்கள். ஸ்டிரைப்லெஸ் ஒன்று என்றால் கோஸ்ட் (கோடு பெரும்பாலும் மறைந்த மீன்), இரண்டு என்றால் பிளஷிங் (கோடில்லாமல், குட்டியில் செவுள் சிவப்பாகத் தெரியும் மீன்). ஜீப்ரா ஒன்று, ஸ்டிரைப்லெஸ் ஒன்று என்றால் கிளவுன். இரண்டு கிளவுனைச் சேர்த்தால் கால் பங்கு ஜீப்ரா, பாதி கிளவுன், கால் பங்கு பிளஷிங். எல்லாம் கிளவுனாக வரும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய.

பேர்ல்ஸ்கேல் (நம் கடைகளில் டைமண்ட்), அல்பினோ, ஹாஃப் பிளாக், பிலிப்பைன் புளூ எல்லாம் தனித்தனி ஒடுங்கு பண்புகள். ஸ்மோக்கி ஒன்று வாங்கினால் ஸ்மோக்கி, இரண்டு வாங்கினால் சாக்லேட். துடுப்பில் வெயில் ஒன்று என்றால் வெயில், இரண்டு என்றால் சூப்பர் வெயில். சூப்பர் வெயிலின் துடுப்பு பெரும்பாலும் தன் எடையையே தாங்காமல் தொங்கும், மீன் நீந்தவே சிரமப்படும். வெயிலுக்குச் சாதாத் துடுப்பு மீனைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கோய். மூன்று நிறம் இருந்தால் கோய் என்று விற்கிறார்கள். கோய் என்பது கோல்டு மார்பிளோடு ஸ்டிரைப்லெஸ் இரண்டும் சேர்ந்தது. நெற்றி ஆரஞ்சு அதன் அடையாளமாகாது, அது தீனியைப் பொறுத்தும் நெருக்கத்தைப் பொறுத்தும் ஏறி இறங்கும். கறுப்புத் திட்டுகளும் மீன் மிரண்டால் இடம் மாறும். குட்டியாக இருக்கும்போது செவுள் மூடி கண்ணாடி போல இருந்து உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்த்து வாங்குவதே ஒரே வழி. வளர்ந்த பிறகு அந்த மூடி மங்கிவிடும்.

எங்கள் பெண் கோய் குட்டியிலிருந்தே வளர்ந்தது, சிவப்புச் செவுள் பார்த்து எடுத்தது. ஆகவே ஸ்டிரைப்லெஸ் இரண்டு உறுதி. முதல் லோகஸில் அது கோல்டு மார்பிள்/கோல்டா, கோல்டு மார்பிள் இரண்டா என்பது தெரியாது. ஆண் கறுப்பு: டார்க்/? என்றுதான் எழுத முடியும். வெயில்/? என்பதும் அப்படித்தான்.

கணக்கு இப்படி. ஆண் டார்க்/கோல்டு, பெண் கோல்டு மார்பிள்/கோல்டு என்றால் பாதிக் கறுப்பு, கால் பங்கு கோல்டு மார்பிள், கால் பங்கு சுத்தக் கோல்டு. ஆண் டார்க் இரண்டு என்றால் அத்தனையும் கறுப்பு. கறுப்பும் கோல்டு மார்பிளும் மட்டும் வந்து சுத்தக் கோல்டு ஒன்றுகூட இல்லையென்றால், பெற்றோரில் ஒன்றிடமாவது கோல்டு இல்லை. ஆக, இந்த ஜோடியில் கோல்டு குஞ்சு வருவதே முக்கியச் சாட்சி.

தொட்டி 24க்கு 15க்கு 18 அங்குலம், சுமார் 100 லிட்டர். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு 1000 பிபிஎம்முக்கு மேல் காட்டும். அதில் ஏஞ்சல் உயிரோடு இருக்கும், முட்டையும் போடும், முட்டை பெரும்பாலும் வெள்ளையாகிவிடும். ஆர்ஓ தண்ணீரோடு குளோரின் நீக்கிய மெட்ரோ வாட்டர் கலந்து 150 முதல் 200 பிபிஎம்முக்குக் கொண்டுவந்தோம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சிக்கனம் பார்த்து ஊற்றிவிடக் கூடாது, உப்பு எல்லாம் அதில்தான் சேரும். வெப்பம் 28 டிகிரி. மே மாதம் தண்ணீர் 32ஐத் தாண்டும்போது மூடியை எடுத்துவிட்டு மேற்பரப்பில் சின்ன மின்விசிறியை ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

முட்டையிட ஸ்லேட் பலகைக்குப் பதிலாகக் கடப்பா கல் வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அது சுண்ணாம்புக் கல். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். மென்மையாக்கிய தண்ணீரை மறுபடி கடினமாக்கும். இரண்டு அங்குல பிவிசி குழாயை ஓரடி வெட்டி, விளிம்பைத் தேய்த்து, சாய்வாக வைத்தால் வேலை முடிந்தது.

முட்டை போட்டதும் குழாயோடு எடுத்து அதே தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் புளூ, அடித்தட்டு தெரியும் அளவுக்கு இளநீலமாக. ஏர் ஸ்டோன் குமிழி முட்டையை உரசாமல் பக்கத்தில் ஏற வேண்டும். எல்லா முட்டையும் வெள்ளையாகி, எண்ணிக்கையும் வழக்கத்தைப் போல இரு மடங்கு இருந்தால் இரண்டு பெண் ஜோடி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முட்டையிடும் நேரத்தில் வயிற்றடியில் நீளும் குழல் ஆணுக்கு மெலிந்து கூராக, பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாக இருக்கும்.

சுமார் 60 மணி நேரத்தில் பொரிந்து, வால் துடிக்க ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டத்திலேயே அல்பினோவைப் பிடித்துவிடலாம். மற்றக் குஞ்சுகளுக்குக் கண் கறுக்கும்போது அல்பினோவுக்குக் கறுக்காது. கோல்டுக்கும் அல்பினோவுக்கும் வித்தியாசம் கேட்பவர்கள் கண்ணைப் பார்த்தால் போதும். இந்த ஜோடியின் குஞ்சுகளில் அல்பினோ இல்லை.

முட்டையிட்டு ஏழெட்டு நாளில் நீந்தத் தொடங்கும். அப்போதுதான் முதல் தீனி: ஆர்ட்டீமியா (உப்பு நீரில் வாழும் சிறு இறால் வகை) குஞ்சு. அதன் முட்டையைப் பொரிக்க, லிட்டருக்கு 25 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பு, 28 டிகிரி, பலமான காற்று, விளக்கு வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரியும். மீன் குஞ்சின் வயிறு ஆரஞ்சாகும்வரை, நாளைக்கு மூன்று நான்கு முறை. இரவில் விளக்கை அணைத்தே ஆக வேண்டும். குஞ்சு ராத்திரியும் தின்னட்டும் என்று 24 மணி நேரமும் வெளிச்சம் விட்டால் கோடுகள் ஒழுங்காக உருவாகாது. சில்வர் குஞ்சு கோஸ்ட் மாதிரி வளரும், பெயர்க் கணக்கு மொத்தமும் பொய்யாகும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கறுப்பும் வெளிறியதும் பிரிந்து தெரிந்தன, ஏறத்தாழ சரி பாதி. ஆண் டார்க் இரண்டு இல்லை என்பது அங்கேயே முடிவானது. பலவீனக் குஞ்சைக் கழிப்பதற்கு முன் எண்ணுவது கட்டாயம். டார்க் இரண்டு வரக்கூடிய ஜோடிகளில் அவைதான் முதலில் சாகும், கழித்த பின் எண்ணினால் விகிதம் ஏமாற்றும்.

ஐந்தாறு வாரத்தில் வெளிறிய பாதியில் மார்பிள் திட்டு வந்தவை பிரிந்தன. இங்கே அவசரம் ஆகாது. கோல்டு மார்பிளில் சிலவற்றுக்கு முதுகுத் துடுப்பின் அடியிலோ நெற்றியிலோ ஒரே ஒரு கறுப்புப் புள்ளிதான் இருக்கும், அதைக் கோல்டு என்று எழுதிவிட்டால் அடுத்த தலைமுறையில் மார்பிள் எங்கிருந்து வந்தது என்று புரியாது. எட்டு வாரம் வரை காத்து, நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்த பிறகும் புள்ளியே இல்லாத குஞ்சுகள் கால் பங்குக்கு அருகில் இருந்தன. பெண் கோல்டு மார்பிள்/கோல்டு, ஆண் டார்க்/கோல்டு. இரண்டும் ஒரே சமயத்தில் உறுதியாயின.

அடர்ந்த சிவப்புச் செவுள் எந்தக் கோல்டு குஞ்சிலும் இல்லை. ஆணிடம் ஸ்டிரைப்லெஸ் ஒன்று இருந்திருந்தால் பாதிக் குஞ்சுகள் பிளஷிங்காக வந்திருக்கும்.

துடுப்பில் வெயிலும் சாதாவும் பாதிக்குப் பாதி, கறுப்பிலும் கோல்டிலும் அதே விகிதம். ஆகவே ஆண் வெயில்/சாதா. துடுப்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் எண்ணிவிட வேண்டும். 100 லிட்டரில் 40, 50 குஞ்சுக்கு மேல் நெருக்கினால் ஒன்றையொன்று கடித்து, வெயிலும் சாதா மாதிரி தெரியும். பேர்ல்ஸ்கேல் இருக்கிறதா என்று சொல்ல உடல் ஐந்து ரூபாய் நாணயம் அளவு வர வேண்டும். செதில் சுருங்கி மினுக்கும் குஞ்சு எதுவும் வரவில்லை.

வரவில்லை என்றால் இல்லை என்று எப்போது சொல்லலாம்? இரண்டு பெற்றோரும் ஒடுங்கு பண்பை மறைத்து வைத்திருந்தால் கால் பங்கு வெளிப்பட வேண்டும். 16 குஞ்சு பார்த்தும் ஒன்றுகூட வெளிப்படாமல் போக வாய்ப்பு 1 சதவீதம்தான். ஒரு பெற்றோர் வெளிப்படையாகவே அந்தப் பண்புள்ள மீன் என்றால் பாதி வெளிப்பட வேண்டும். அங்கே 7 குஞ்சே போதும். பெற்றோரில் ஒன்றிடம் மட்டும் பேர்ல்ஸ்கேல் மறைந்திருந்தால் இந்தக் குஞ்சுகளில் ஒருபோதும் தெரியாது, ஆகவே மீனின் பதிவு அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஜீப்ரா பற்றியும் இந்தக் குஞ்சுகள் சாட்சி சொல்லாது. கறுப்பும் கோல்டும் கோட்டை மறைத்துவிடும். அதற்கு ஆணைச் சாதாரணச் சில்வரோடு சேர்க்க வேண்டும். பாதி பிளாக் லேஸ், பாதி சில்வர் வரும், இரண்டிலும் கோடு தெளிவாகத் தெரியும். ஆணிடம் ஜீப்ரா இருந்தால் கூடுதல் கோடுகளோடு ஜீப்ரா லேஸும் ஜீப்ராவும் நடுவே கிடைக்கும். விலை குறைவு என்று சில்வரை ஒதுக்குபவர்கள் மிகச் சிறந்த சோதனை மீனைக் கைவிடுகிறார்கள்.

பிளாட்டினத்துக்கும் இதே வகைச் சோதனை உண்டு. உண்மையான பிளாட்டினம் என்பது கோல்டு இரண்டும் பிலிப்பைன் புளூ இரண்டும். கடைகளில் வெள்ளையாக இருக்கும் சில்வர் பிளஷிங்கையும் அதே பெயரில் விற்பதுண்டு. கோல்டோடு சேர்த்தால் உண்மைப் பிளாட்டினம் கோல்டு மட்டுமே கொடுக்கும். கோல்டை மறைத்து வைத்திராத பிளஷிங் என்றால் எல்லாக் குஞ்சும் கோஸ்ட்.

அட்டையில் எழுதும் வரிசை: முதல் லோகஸ், கோடு லோகஸ், மற்ற நிறங்கள், கடைசியில் துடுப்பு. தெரியாததற்குக் கேள்விக்குறி. இந்த ஈட்டில் ஒரு வெயில் கோல்டு மார்பிளின் அட்டை: கோல்டு மார்பிள்/கோல்டு, ஸ்டிரைப்லெஸ்/சாதா, பேர்ல்ஸ்கேல் ?, வெயில்/சாதா. தாய் பிளஷிங் வகை என்பதால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அத்தனைக் குஞ்சுக்கும் ஸ்டிரைப்லெஸ் ஒன்று உறுதி. கறுப்புக் குஞ்சுகளுக்கு டார்க்/? என்றுதான் எழுத வேண்டும், கோல்டா கோல்டு மார்பிளா என்பது அவை ஈன்ற பிறகுதான் தெரியும்.

அடுத்து, வெயில் கோல்டு மார்பிள் மகனைத் தாய்க் கோயோடு சேர்ப்பதாகத் திட்டம். எட்டில் மூன்று கோய், எட்டில் ஒன்று கோல்டு பிளஷிங், எட்டில் மூன்று ஸ்டிரைப்லெஸ் ஒன்று மட்டும் உள்ள கோல்டு மார்பிள், மீதி ஒன்று அதே மாதிரிக் கோல்டு. ஒவ்வொன்றிலும் பாதிக்கு வெயில். ஆணைத் தேர்ந்தெடுக்கும்போது செவுள் மூடி குட்டையானதையும் அடித்துடுப்பு வளைந்ததையும் விட்டுவிட்டு, ஈட்டிலேயே வேகமாக வளர்ந்த இரண்டு மூன்றைத் தனித் தொட்டியில் போட்டிருக்கிறோம்.