அடிமரம் முதல் இணுக்கு வரை: குறுக்கெழுத்துக் கட்டம், இதுவரை

மரத்தின் அடி, கிளைச் சொற்களை மட்டும் வைத்து ஒரு குறுக்கெழுத்து போடும் வேலை பாதியைத் தாண்டிவிட்டது. சொல் திரட்டுவதில் சிரமமே இல்லை. கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சி, இணுக்கு என்று பெரியதிலிருந்து சிறியது வரை மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் வரிசைப்படுத்தியே வைத்திருக்கிறார். அடிக்கும் அப்படித்தான்: நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை.

தலைவலி கட்டத்தில்தான். 'தண்டு' என்பதை முதல் வரிசையில் போட்டால் அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்க 'த' மட்டுமே உதவும். மெய்யில் தமிழ்ச்சொல் தொடங்காது, 'டு'விலும் தொடங்காது. கிளையின் ளை, கழியின் ழி, சினையின் னை எல்லாம் இதே கதை. பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் 'கீழிருந்து மேல்' என்று கேட்பதன் அருமை கட்டம் போடுபவருக்குத்தான் தெரியும். தண்டின் 'டு'வுக்கு அடியில் 'கோ' போட்டுக் கீழிருந்து மேலே படிக்கச் சொன்னால் கோடு கிடைத்துவிடுகிறது, கோடும் மரக்கிளைதானே!

குறிப்பு எழுதுவது சுகமான பகுதி. இந்தச் சொற்கள் பலவற்றுக்கும் இரட்டை வேஷம். அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

தண்டு: வாழைக்குள் ஒளிந்திருக்கும் படை (3).
கழி: கணக்கில் குறை, கரும்பில் அடி (2).
கொம்பு: மாட்டுக்கும் உண்டு, மரத்துக்கும் உண்டு, 'கெ'வுக்கும் உண்டு (3).
போத்து: நட்டால் துளிர்க்கும் எருமைக் கடா (3).

கடைசியது எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. கவைக்கு இரண்டாம் பொருள் சரியாக அமையவில்லை, அதனால் எழுத்தைப் பிரித்தேன்: கவிஞர் தலையை வை, பெருங்கிளை (2). 'க'வும் 'வை'யும் சேர்ந்தால் விடை. அடிமரத்துக்கு 'விருட்சத்துக்கு முன்னால் ஓர் அறை, கோடரி விழும் இடம் (5)'. அறை என்றதும் வீட்டு அறையைத் தேடுவார்கள், கன்னத்தில் விழுவது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரமாகும். இணுக்குக்கு 'கீரையைப் பறி, கையோடு வரும் துளிக் கிளை (4)' போதும்.

மிச்சம் வளார், அதாவது இளங்கொம்பு. அது ஒற்றில் முடிவதால் ஓரத்தில் வைப்பதே வசதி. அங்கே அடிமரத்தின் 'ம்' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அடுத்து அடிமரத்தை மேலிருந்து கீழாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.