நாற்பது நிமிடங்கள்

சென்னையில் ஐ.டி. வேலையில் ஐந்தாறு வருடம் ஓடிவிட்டால் உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "இன்னும் புரோகிராம்தான் எழுதுகிறாயா? உனக்குக் கீழே எத்தனை பேர்?" எனக்குக் கீழே ஒன்பது பேர் வந்தது 2015இல். நிரல் நன்றாக எழுதியதற்காகக் கிடைத்த பதவி அது. இரண்டு நாள் பயிற்சியும் தந்தார்கள். டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் தருவது, அப்ரைசல் படிவத்தை நிரப்புவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு செய்தவரிடம் எப்படிப் பேசுவது என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

முதல் வருடம் முழுக்க, யாராவது திணறினால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீபோர்டை வாங்கி நானே முடித்துவிடுவேன். வேலை மளமளவென்று நடந்தது. வாடிக்கையாளரும் பாராட்டினார். ஒருநாள் சோதனை சர்வரில் தவறான கோப்பை ஏற்றிவிட்ட இளைஞனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இதுகூடத் தெரியாமல் எப்படி வேலைக்கு வந்தாய்?" என்று கேட்டேன். அறையில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அது என்ன அமைதி என்று 2016 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் தரவுத்தளத்தை நாங்கள் பராமரித்துவந்தோம். குழுவிலேயே இளையவள், விருதுநகர்ப் பக்கத்துப் பெண், ஒரே ஒரு பாலிசியின் தேதியைத் திருத்தக் கட்டளை ஒன்றை இயக்கினாள். எந்தப் பாலிசி என்று குறிக்கும் வரி அதில் விடுபட்டிருந்தது. அத்தனை பாலிசிகளின் தேதியும் ஒன்றாகிப்போனது. கமிட்டும் ஆகிவிட்டதால், அதாவது மாற்றம் நிரந்தரமாகப் பதிவாகிவிட்டதால், ரோல்பேக் செய்து அதைத் திரும்பப் பெற வழியில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் தனியாகப் போராடியிருக்கிறாள்.

வெளியாட்களுக்கு நாற்பது நிமிடம் பெரிதாகத் தோன்றாது. தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் லாக்கில் எழுதிவைக்கிறது. கடைசி பேக்கப்பை எடுத்து, தவறுக்கு முந்தைய நொடி வரை அந்த லாக்கை ஓட்டினால் பழைய நிலை திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் நேரம் போகப் போக அந்தத் தவற்றின்மேல் மெய்யான மாற்றங்கள் வந்து படிகின்றன. ஏதோ ஒரு கிளையில் ஒருவர் பிரீமியம் கட்டுகிறார், இன்னொருவர் முகவரி மாற்றுகிறார். பின்னால் போனால் அவையும் அழிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குள் தானாக ஓடும் மாலை வேலை தொடங்கி, பாலிசி காலாவதியாகிவிட்டதாகப் பலருக்குக் குறுஞ்செய்தி போய்விட்டது. ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்திருந்தால் அதை நிறுத்தியிருப்போம். சனியும் ஞாயிறும் அலுவலகத்திலேயே கழிந்தன.

"ஏன் உடனே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அந்த அண்ணனைக் கேட்டதுபோல என்னையும் கேட்பீர்கள் என்று பயந்துவிட்டேன், மேடம்."

அன்று இரவு எனக்கு என் முதல் டீம் லீட் நினைவுக்கு வந்தார். 2008இல் தரமணியில் வேலை பார்த்தபோது, கணினித் திரையில் ஒரே நிறத்தில் இரண்டு ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, சோதனை சர்வர் என்று நினைத்து வாடிக்கையாளர் பயன்படுத்தும் உண்மையான சர்வரை நிறுத்திவிட்டேன். ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்ற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. "சரிம்மா, இப்போது எது ஓடுகிறது, எது ஓடவில்லை?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் உண்மையான சர்வரின் ஜன்னல்கள் எல்லோருடைய கணினியிலும் சிவப்பாகியிருந்தன. யார் செய்தது என்று மேலிடம் கேட்டபோது, "என் குழு" என்றார்.

எங்கள் சம்பவம் நடந்த மூன்று மாதத்தில், 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையதளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், நகல் இருக்கும் இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்புக்கும் நகலெடுப்புக்கும் ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள், எதுவும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அவரே வேறு வேலைக்காக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. மீட்புப் பணியை நேரலையில் காட்டினார்கள். அறிக்கையில் அவர் பெயரைக்கூடப் போடாமல், ஏற்பாட்டில் எங்கெங்கே ஓட்டை என்றுதான் எழுதினார்கள். அதை என் குழுவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். படித்து முடித்ததும், தரமணியில் நான் நிறுத்திய சர்வரைப் பற்றி அவர்களிடம் முதன்முறையாகச் சொன்னேன்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. கீபோர்டைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பழகுவதற்கே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. உண்மையான சர்வரில் எதை இயக்கினாலும் இன்னொருவர் பார்த்த பிறகே என்று வைத்துக்கொண்டோம். என் கட்டளைகளுக்கும் அதே விதிதான்.

அப்ரைசல் காலம் வந்தது. மைக்ரோசாப்ட் 2013இலேயே கைவிட்ட, ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை எங்களிடம் அப்போதும் இருந்தது. குழுவில் ஒருவருக்குக் கடைசித் தரம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை மேலாளர் சொன்னார். தவற்றை ஒப்புக்கொண்டால் சம்பள உயர்வு போய்விடும் என்று ஆகிவிட்டால், நாளைக்கு யார் வாயைத் திறப்பார்கள்? அந்த முறையை நான் இன்றும் வெறுக்கிறேன். கடைசித் தரத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. பெண் தங்கினாள், அடுத்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள்தான் தரவுத்தளம் கற்றுக்கொடுத்தாள்.

ஆனால் நான் எல்லோர் முன்னாலும் நிறுத்திய அந்த இளைஞன் அதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தான். 2019இல் சோழிங்கநல்லூர் பஸ் நிறுத்தத்தில் அவனைப் பார்த்தேன். அன்று அப்படிப் பேசியது தவறு என்று சொன்னேன். "அந்தக் கோப்பை எனக்குக் கொடுத்ததே வேறொருவர், மேடம். நீங்கள் கேட்கவே இல்லை" என்றான். குரலில் கோபம் இல்லை. அதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது.